கூடுதலாக ஒரு ஸ்

விரல் ரேகை எடுக்கும் இயந்திரம்
என்னை நம்ப மறுத்தது.
பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள் அந்தப் பெண்.
மறுபடி.
கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.
மறுபடி.
பதினொரு வருஷம் யாகிமா ஆப்பிள் கிடங்கில்
கழுவி, மெழுகு பூசி, ஸ்டிக்கர் ஒட்டி
அனுப்பிய பெட்டிகளோடு
என் ரேகைகளும் போயிருக்கின்றன.
எந்த ஊரில் எந்தக் குழந்தை
கடித்துத் தின்றதோ.

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க ரேகை வேண்டும்.
முப்பது மணி நேரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான்
அடுத்த பாடம்.
அது முடிந்தால்தான் தொண்ணூறு கிரெடிட்.
தொண்ணூறு சேர்ந்தால்தான்
மலைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகம்.
ஆலோசகர் டாட்லாக் இதையெல்லாம்
ஒரு காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தார்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.
நான் இன்னும் தொடாத இரண்டு கட்டங்களுக்கு
என் மகள் பச்சை அடித்துவிட்டாள்.

சமுதாயக் கல்லூரியில் சேர்ந்த அன்று
ஸ்பானிஷ் தேர்வில் எனக்கு
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
பக்கத்து நாற்காலி கோல்பிக்குத் தொண்ணூற்றொன்று.
அவன் ஃபோனில் படித்தவன்.
நான் அந்த மொழியில் அடி வாங்கியவள்,
பிரசவ அறையில் அந்த மொழியில் கத்தியவள்.
எந்த உயிரின் தலையில் எந்தச் சாய்கோடு என்று
யாரும் சொல்லித் தந்ததில்லை.
கத்தும்போது சாய்கோடு தெரியாது.

இரவு ஏழரை மணி வகுப்பு.
பேராசிரியை லிண்ட்க்விஸ்ட் பலகையில் எழுதுகிறார்:
நடந்ததைச் சொல்ல ஒரு வினை வடிவம்,
நடக்காதா என்று ஏங்க இன்னொன்று.
நான் நோட்டில் எதுவும் எழுதவில்லை.
எங்கள் வீட்டில் இரண்டாவதைத்தான்
அதிகம் பேசினோம்.
அதற்கு ஒரு பெயர் இருப்பது
முப்பத்தாறு வயதில் தெரிகிறது.

மூன்றாம் முறை ரேகையை விட்டுவிட்டு
பெயரை வைத்துத் தேடினார்கள்.
எவுலாலியா பர்ரகான்,
குற்றம் எதுவும் இல்லை.

டாப்பனிஷ் பள்ளி, நான்காம் பீரியட்.
பின்வரிசையில் தொப்பி போட்ட ஓஸியெல்,
'நீ சொன்னாய்' என்று எழுத வேண்டிய இடத்தில்
திஹீஸ்தெஸ் என்று எழுதியிருக்கிறான்.
கடைசி ஸ் கூடாது.
புத்தகத்தில் கிடையாது.
போன மாதம் அதே ஸ்ஸுக்கு
அரை மதிப்பெண் இழந்தவள் நான்.
ஹால்வர்சன் டீச்சர் சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டி,
பழகிக்கொள்ளுங்கள் என்று
காபி எடுக்கப் போய்விட்டார்.

வீட்டில் யார் இப்படிச் சொல்வார்கள்?
எல்லாரும், என்றான். ஏன், தப்பா?

எனக்குத் தெரிந்த பதில் ஐந்து வாக்கியம் நீளம்.
மணி அடிக்க இரண்டு நிமிடம்.
அந்த ஸ்ஸைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அடிக்கவில்லை.
வட்டம் சரியாக ஆப்பிள் ஸ்டிக்கர் அளவுக்கு விழுந்தது,
கைப் பழக்கம்.
பக்கத்தில் எழுதினேன்: தேர்வில் மட்டும் இது இல்லாமல்.
அவன் தொப்பியைச் சற்றே உயர்த்தி
என்னைப் பார்த்தான்.
மூன்றாம் வரிசை பெல்ட்டில்
உன் அம்மா என் பக்கத்தில் நிற்பவள் என்று
நான் சொல்லவில்லை.

செய்தது சரிதானா தெரியாது.
ஹால்வர்சன் திரும்பி வந்து
அரை மதிப்பெண் குறைத்தார்.

அன்றிரவு வகுப்பு முடிந்து
வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைத் தேடும்போது
அப்பாவின் அழைப்பு.
பெண் தூங்கிவிட்டாள். பீன்ஸ் மூடி வைத்திருக்கிறேன்.
நான் என்னவோ சொன்னேன், காற்று வாரிக்கொண்டு போனது.

கே திஹீஸ்தெஸ்? என்கிறார்.
என்ன சொன்னாய்?
கடைசி ஸ் நீண்டு,
டயரில் காற்று இறங்குவது போல.

இன்னொரு முறை கேட்கட்டும் என்று
பேசாமல் நிற்கிறேன்.